பக்கத்து வீட்டில் மனச்சிதைவு: ஓர் அம்மா தனியாகச் சுமப்பதை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அம்மாவும் அவர் மகனும் இருக்கிறார்கள். மகனுக்கு 28 வயது, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா). அப்பா இல்லை, அக்கா வெளியூரில். அரசு மருத்துவமனையில் காட்டி மருந்து சாப்பிடுகிறார். அமைதியாகத்தான் இருப்பார். போன மாதம் இரண்டு ராத்திரி கத்தினார். அதிலிருந்து சங்கக் கூட்டத்தில் சிலர் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். உதவ நினைப்பவர்களுக்கோ எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. நாங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பதில்: காலி செய்யச் சொல்லும் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்ற காரணத்துக்காக அவரை வெளியேற்றச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருக்குச் சமூகத்துக்குள் வாழவும் அதிலிருந்து ஒதுக்கப்படாமல் இருக்கவும் உரிமை தருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் மனநோய் உண்டு. அதன் 92-ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அடுத்த கூட்டத்தில் ஒருவர் இதை நிதானமாகப் படித்துக் காட்டட்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி வாயை அடைத்தால் பயம் போகாது, அது கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பயத்துக்கும் பதில் சொல்லுங்கள்.

மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ஆபத்து கூடும் நேரங்கள் உண்டு: மருந்து நின்றிருக்கும்போது, கூடவே குடியோ கஞ்சாவோ சேரும்போது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற எண்ணம் முற்றியிருக்கும்போது. அப்போதும் அடி விழுவது பெரும்பாலும் கூட இருக்கும் வீட்டாருக்குத்தான். இந்த நோய் உள்ளவர்கள் பிறரிடம் அடிபடுவதும் ஏமாறுவதும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தற்கொலை. இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேரை அதில் இழக்கிறோம். ஆகவே ராத்திரி சத்தம் கேட்டால் உங்கள் மனதில் எழ வேண்டிய கேள்வி, மருந்து நின்றுவிட்டதா, தூக்கம் போய்விட்டதா என்பதுதான்.

இனி அந்த அம்மா. அவர் செய்யும் வேலையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, குளிக்கச் சொல்வது, சாப்பிட வைப்பது, தூங்கிவிட்டாரா என்று நடு ராத்திரியில் எட்டிப் பார்ப்பது, மாதத்துக்கு ஒரு நாள் விடியலில் கிளம்பி ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் நிற்பது, ஸ்டாக் இல்லை என்று சொன்ன மாத்திரையை வெளியே தேடி வாங்குவது, சொந்தக்காரர்களிடம் சாக்குச் சொல்வது, மாடிப்படியில் பார்ப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பது. இத்தனையும் ஒரே ஆள். அவருக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தால் மருந்து வாங்க ஆளில்லை, மருந்து நின்றால் சில வாரத்திலோ சில மாதத்திலோ நோய் திரும்பலாம். போன மாதச் சத்தத்துக்குப் பின்னால் இப்படி ஒன்று நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவர் சுமையைப் பங்கிடுவதைத் தர்ம காரியம் என்று நினைக்க வேண்டாம். மகனின் சிகிச்சையில் அதுவும் ஒரு பகுதி.

நம் நாட்டு மருத்துவர்கள் இதை வெகு முன்பே புரிந்துகொண்டவர்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு, உறவினர்களை நோயாளிகளோடு தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் வழக்கத்தை அந்தக் காலத்திலேயே ஏற்படுத்தியது. அன்றைக்குக் குடும்பம் என்றால் சித்தப்பா, பெரியம்மா, அண்ணி என்று பத்துப் பேர். இன்றைக்கு ஓர் அம்மா. விட்டுப்போன அந்தக் கைகளுக்குப் பதிலாகத்தான் அக்கம்பக்கம் வேண்டியிருக்கிறது.

எப்படித் தொடங்குவது? கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் அந்த அம்மாவோடு ஏற்கெனவே பழகியவராக இருக்கட்டும். “எதுனா வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் ஒருநாளும் கேட்க மாட்டார். குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்: “அக்கா, புகார் சொல்ல வரல. அன்னைக்கு ராத்திரி நீங்களும் தூங்கியிருக்க மாட்டீங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நான் வண்டி எடுத்துட்டு வரட்டுமா?” ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும்.

மகனிடமும் கேட்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 28 வயது மனிதரின் நோயைப் பற்றி அவருக்குத் தெரியாமல் நான்கு வீட்டார் திட்டம் போட்டால், தன்னைச் சுற்றிச் சதி நடக்கிறது என்ற எண்ணத்துக்கு நாமே ஆதாரம் கொடுத்தவர்களாவோம். “தம்பி, அம்மாவுக்கு முடியாத அன்னைக்கு நான் மருந்து வாங்கிட்டு வரலாமா? உன் சீட்டை நான் பாத்தா பரவாயில்லையா?” அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் செய்யக்கூடிய வேலைகளே நிறைய இருக்கின்றன. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அவர் கத்தியபோது யாராவது வீடியோ எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கேலி செய்தால் அந்தந்த வீட்டார் அன்றைக்கே கண்டிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சறுக்கல் அதிகம் நடப்பது அங்கேதான்.

முதல் முறை நோய் வந்து தெளிந்தவருக்குக் குறைந்தது ஓராண்டு, இரண்டாண்டு மருந்து தொடர வேண்டியிருக்கும். பல முறை திரும்பியவருக்கு அதைவிட நீண்ட காலம். முதல் முறை வந்து குணமானவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. ஆனால் நிறுத்திய மறுநாளே எதுவும் நடப்பதில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் விலகி, முகம் தெளிந்து, ஆள் சுறுசுறுப்பாகக்கூடத் தெரிவார். ‘மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்’ என்று வீடு முடிவு கட்டிவிடும். சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் திரும்பும்போது, நிறுத்தியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது. செய்வினை, கண்ணேறு என்று வேறு காரணம் தேடப் போய்விடுவார்கள்.

நிறுத்துவதற்கு அவர்கள் சொல்லாத காரணங்களும் உண்டு. ஓலன்சபின் போன்ற மருந்தில் சில மாதத்திலேயே பல கிலோ எடை கூடலாம். காலையில் எழுந்திருக்க முடியாத அளவுக்குத் தூக்கம் அழுத்தலாம். பாலுறவில் சிக்கல் வரலாம், அதை இளைஞர் யாரும் அம்மாவை வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்ல மாட்டார். ஓ.பி. அறைக்குள் அவர் தனியாக இரண்டு நிமிடம் பேச வழி செய்யுங்கள். மருந்தை மாற்றவும், டோஸைக் குறைக்கவும், வேளையை மாற்றவும் மருத்துவரால் முடியும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். வேறு வழி தெரியாத தவிப்பில் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் வேண்டாம். என்றைக்காவது ரசத்தில் கசப்புத் தட்டினால், ‘சோத்துல விஷம் வைக்கிறாங்க’ என்ற அவர் சந்தேகம் அன்றோடு உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு வீட்டுச் சோற்றையே தொட மாட்டார். பாதித் தட்டில் கைகழுவினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றும் தெரியாது. மாத்திரையே பிடிக்காதவருக்கு, ஃப்ளூஃபெனசின் போல 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அவரிடம் பேசி, ஒப்புக்கொள்ள வைத்துப் போடுவதுதான் முறை. தினம் இரண்டு வேளை நடக்கும் சண்டை மாதத்தில் ஒரு நாள் வேலையாகச் சுருங்கிவிடும்.

பக்கத்து வீட்டார் எடுத்துக்கொள்ளச் சரியான வேலை, மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது. ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனே அதை நிரப்பட்டும், அம்மா கூட இருக்கட்டும். வீட்டில் 5 நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஓ.பி.க்குப் போயாக வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டமிடுங்கள், மருந்து விட்டுப்போவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. மருந்தின் பெயர் குளோசபின் என்றால் தனிக் கவனம் வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தவறிப்போனால் பழைய டோஸைத் திரும்பக் கொடுப்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்டு, வழக்கமாக 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக் கூடாது, அது குடலையே அடைத்துவிடும்.

பக்க விளைவை நோய் என்று நினைத்து ஏமாறும் இடங்கள் மூன்று. ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளலாம், கண் மேலே சொருகலாம், நாக்கு வெளியே தள்ளலாம். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்ததுபோல இருக்கும். அவசரப் பிரிவில் ஓர் ஊசி போட்டால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இரண்டாவது, ஓரிடத்தில் உட்காரவே முடியாமல் கால் துடிக்க வீட்டுக்குள் மேலும் கீழும் நடப்பது. முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டார் ஒரு மாத்திரை கூடக் கொடுப்பார்கள், அது இன்னும் மோசமாகும். டாக்டரிடம் ‘உட்கார முடியல’ என்ற அதே வார்த்தையைச் சொல்லுங்கள். மூன்றாவது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது: கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டைபோல விறைப்பு, பேச்சில் குழப்பம். மாத்திரையை நிறுத்திவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பொது மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

நோய் திரும்புவது திடீரென்று வருவதுபோலத் தெரிந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முன்பே அடையாளம் காட்டும். ஒவ்வொருவருக்கும் அது வேறு. ஒருவர் இரண்டு ராத்திரி தூங்க மாட்டார், இன்னொருவர் குளிப்பதை நிறுத்துவார், மற்றொருவர் ஜன்னலை மூடி மூடிப் பார்ப்பார், செல்ஃபோனைப் பிரித்துப்போடுவார். நன்றாக இருக்கும் நாளில் அவரையே உட்கார வைத்து, போன தடவை முதலில் என்ன மாறியது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘இந்த மூன்றில் இரண்டு வந்தால் டாக்டருக்குப் போன்’ என்று அவர் வாயால் சொல்ல வைத்து அவர் கையெழுத்தும் வாங்கிவிட்டால், அந்த நேரம் வரும்போது வற்புறுத்த வேண்டியிராது. அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் கூட்டாளிகளும் 1950-களின் கடைசியிலிருந்து ஆராய்ந்து கண்டது இது: மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கோ, வெறுப்புக் காட்டும் வீட்டுக்கோ, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டுக்கோ போனவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் மோசம் என்றது பின்னால் வந்த ஆய்வு. குடும்பத்தால் நோய் வருகிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. அந்த அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசிவிட வேண்டாம். 1980-களில் சண்டிகரில் இதே அளவுகோலால் பார்த்தபோது நம் குடும்பங்களில் இந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் இரண்டு அறைக்குள் இரண்டே பேர் நாள் முழுக்க இருந்தால் 35 மணி நேரம் மூன்று நாளில் கடந்துவிடும், எவ்வளவு பாசமான அம்மாவுக்கும் பொறுமை கரையும். எனவே மகன் தினம் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்க ஓர் இடம் வேண்டும். நூலகமோ, ஒரு கடையோ, கேரம் விளையாட ஒரு வீடோ எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் அம்மாவும் வெளியே போக வேண்டும். கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்வரட்டும். அவருக்கும் பி.பி., சர்க்கரை மாத்திரை இருக்கும், அதை அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

மகனிடம் பேசுவது எப்படி? மற்றவர்களிடம் பேசுவதுபோலவே. கிரிக்கெட், மழை, தண்ணி லாரி. அவர் விசித்திரமாக ஒன்றைச் சொன்னால் இரண்டு தவறுகள் நடக்கும்: விழுந்து விழுந்து மறுப்பது, அல்லது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவது. ‘மேல் வீட்டுக்காரர் கேமரா வெச்சு என்னைப் பாக்குறாரு’ என்றால், “அப்படித் தோணுனா பயமாத்தான் இருக்கும் தம்பி. எனக்கு அப்படித் தெரியல. ராத்திரி தூங்குனியா?” என்று கேட்கலாம். பயத்தை ஒப்புக்கொண்டாயிற்று, கேமராவை ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு தூக்கத்துக்கு வந்துவிட்டது. சிரிக்காமல் ஒதுங்கியே இருந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்தில் உணர்ச்சி குறைவதும், எதிலும் முனைப்பில்லாமல் படுத்திருப்பதும் நோயின் பகுதி. ‘சோம்பேறி’ என்ற சொல் அந்த வீட்டில் விழாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

ராத்திரி மறுபடி சத்தம் வந்தால்: வராந்தாவில் கூடாதீர்கள், விளக்குப் போட்டு எட்டிப் பார்க்கும் பத்து முகம் அவர் பயத்தைப் பத்து மடங்காக்கும். முன்பே பேசி வைத்த ஒருவர் மட்டும் போகட்டும். டி.வி.யை நிறுத்துங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். இரண்டு கை தூரம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, தணிந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பின்னாலிருந்து தொடக் கூடாது. இன்னொருவர் சமையலறைக் கத்தியை எடுத்து மறைத்து, கேஸ் வால்வை மூடிவிடட்டும். கையில் ஆயுதம் இருந்தால் பேச்சு வேண்டாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 112-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. எடுத்தவுடன் ‘மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், இன்ன மருந்து சாப்பிடுகிறார்’ என்று சொல்லிவிட வேண்டும். கையில் மருந்துச் சீட்டு போக வேண்டும், அதனால் அதன் நகல் ஒன்றை மகனின் சம்மதத்தோடு உங்கள் வீட்டிலும் வைத்திருங்கள்.

துண்டாலோ கயிற்றாலோ கட்டிப் போடாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து இரண்டு மூன்று பேர் மேலே ஏறி அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அடியோடு தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போவதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை அந்த அம்மாவைத் தாங்குகிறது, அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. மாத்திரைப் பெட்டியும் கூடப் போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தையும் துஆவையும் (பிரார்த்தனையையும்) சேர்த்துக் கொடுக்கும் திட்டம் நடந்துவருகிறது.

மருத்துவமனையில் சேர்க்கக் கோர்ட் உத்தரவு வேண்டுமோ என்று பலர் தயங்குவார்கள். வேண்டியதில்லை. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்றால் அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம், நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர், பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் பெற வேண்டும். நோயாளியால் முடிவெடுக்க முடியாத நிலையில், பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. இங்கேதான் பல குடும்பம் மாட்டிக்கொள்ளும்: பிரதிநிதி யார் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். 14-ஆம் பிரிவுப்படி, வெறும் தாளில் நோயாளியே கையெழுத்திட்டு ஒருவரை நியமிக்கலாம், முத்திரைத் தாள் தேவையில்லை. எழுதாவிட்டால் உறவினர், அடுத்து பராமரிப்பவர் என்று வரிசை போகும். தெளிவாக இருக்கும் நாளில் அவர் யாரை நம்புகிறாரோ அவர் பெயரை எழுதி வாங்கிவிடுங்கள். அக்காவாக இருந்தால் நல்லது, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

அவர் வழிதவறி எங்காவது போய்விட்டால் போலீஸிடம் தயங்காமல் சொல்லுங்கள். 100-ஆம் பிரிவுப்படி, அலைந்து திரியும் மனநோயாளியைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. தெருவில் நீங்கள் பார்க்கும் முன்பின் தெரியாதவருக்கும் இதே பிரிவுதான்.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்கப் பயப்பட வேண்டாம். “சாகணும்னு தோணுதா தம்பி?” என்று கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருக்கும் எண்ணத்தைச் சொல்ல ஒருவர் கிடைத்தார் என்றுதான் ஆகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகக் கவனம் தேவைப்படும் காலம். அப்போது ஒரு வார மாத்திரையை மட்டும் வெளியே வைத்து, மிச்சத்தை உங்கள் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416. நாள் முழுக்க, தமிழில், இலவசம். அந்த அம்மாவும் தனக்காக அதில் பேசலாம்.

உடம்பையும் பாருங்கள். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு மாரடைப்பு, சர்க்கரை போன்ற சாதாரண நோய்கள். மருந்து ஆரம்பிக்கும்போதும், மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை வேண்டும். மாதாமாதம் எடை. சாயங்காலம் நடைக்குப் போகிறவர் யாராவது அவரையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். சிகரெட்டை நிறுத்த நினைத்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓலன்சபின், குளோசபின் அளவு அப்போது ரத்தத்தில் ஏறும்.

வேலை கொடுக்க முடிந்தவர் உங்களில் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்குங்கள். ராத்திரி மருந்தின் கலக்கம் விலகப் பதினோரு மணியாகலாம், காலை எட்டு மணி வேலையில் போட்டுவிட்டு ‘லேட்டா வர்றான்’ என்று சொன்னால் நியாயமாகாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை, சொல்வதோடு எழுதியும் கொடுங்கள். சம்பளம் கொடுங்கள், சும்மா வந்து உட்காரட்டும் என்று விடாதீர்கள். ‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் கடுமையாகவே மறுத்துவிடுங்கள். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை, பாதிக்கப்படுவது இரண்டு உயிர். பெண்ணிடம் எல்லாம் சொல்லி, அவள் ஒப்புக்கொண்டு, மருத்துவரும் கூடப் பேசி நடக்கும் கல்யாணம் வேறு.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலால் மதிப்பிடுவார்கள். தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இவற்றோடு நோய் இருந்த காலமும் சேர்த்து மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம், சலுகைகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். குடும்பம் மானத்துக்குப் பயந்து, ‘எல்லாம் அவனே செஞ்சுக்குவான் சார்’ என்று சொல்லிவிடும், மதிப்பெண் குறைந்துபோகும். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியாகப் போனால் மீதிச் சில்லறை சரியாக வருகிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த அம்மா யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: எனக்கப்புறம் இவனுக்கு யாரு? இதற்கு அக்காவைப் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள். மாதம் பணம் அனுப்புவதோடு அவர் பங்கு முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு வாரம் வந்து தம்பியோடு தங்கி, ஓ.பி.க்கும் கூடப் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் வரும்போது அவருக்கு எதுவுமே தெரியாது. வீடு அம்மா பெயரில் இருந்தால் உயில் எழுதிப் பதிவு செய்யட்டும். ஆட்டிசம் போன்ற குறைபாடுகளுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் பாதுகாவலர் ஏற்பாடு மனநோய்க்குப் பொருந்தாது என்பது தெரியாமல் பலர் அலைகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ‘வரம்புக்கு உட்பட்ட பாதுகாவலர்’ என்று ஒன்று உண்டு, அதில் அவரையும் கேட்டு, சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பேன்யன் போன்ற மனநலத் தொண்டு அமைப்புகளிடம் இதைப் பற்றிப் பேசலாம். நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் உதவியாளரோடு வாழும் ‘ஹோம் அகெய்ன்’ ஏற்பாட்டைப் பேன்யன் 2015 முதல் நடத்துகிறது. அம்மா நன்றாக நடமாடும்போதே மகன் அப்படி ஓர் இடத்தைப் போய்ப் பார்த்து, சமையலும் வங்கிக் கணக்கும் துணி துவைப்பதும் ஒவ்வொன்றாகப் பழகட்டும். சமையலுக்கு உங்களில் ஒருவர் வாரம் ஒரு நாள் கூட நின்றால் போதும். முதலில் சாதமும் ரசமும்.